பதிவேட்டின் வழியே வந்த பணம்: டர்பனின் சின்னக் கடைகளும் கொரோனா காலச் சலுகைகளும்

2020 ஏப்ரல் 10, புனித வெள்ளி. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்குத் தெற்கே இசிபிங்கோ மாரியம்மன் கோயிலில் வழக்கமாக அன்று கால் வைக்க இடம் இருக்காது. கரும்புத் தோட்டத்தில் உழைத்த நம் முன்னோர்களுக்கு ஈஸ்டர் சமயத்தில்தான் விடுப்புக் கிடைத்தது, அதனால் அந்த நாளே அம்மனுக்கான நாளாகிவிட்டது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்த வருஷம் கோயில் வாசல் பூட்டிக் கிடந்தது. மார்ச் 26 நள்ளிரவோடு நாடு முழுக்க ஊரடங்கு தொடங்கியிருந்தது.

டர்பனில் இந்தியர்கள் நிறைய வாழும் சாட்ஸ்வர்த்தில் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கும் ஓர் அக்கா அன்று காலையில் எனக்குப் போன் செய்தார். "கற்பூரமும் மஞ்சத்துணியும் பெட்டி பிரிக்காம அப்படியே கிடக்கு தம்பி. சர்க்கார் சம்பளம் கொடுக்குதாமே, நம்ம கடைப் பொண்ணுங்க ரெண்டு பேருக்கும் எழுதிப் போட்டுடு" என்றார். சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். சரி என்று சொல்லிவிட்டு, "யுஐஎஃப் நம்பர் சொல்லுங்க அக்கா" என்றேன். அந்தப் பக்கம் பேச்சில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அதெல்லாம் போடலையே தம்பி" என்றார்.

அந்த ஒரு பதிலில் அந்த இரண்டு பெண்களின் அடுத்த இரண்டு மாதச் சாப்பாடு அடங்கியிருந்தது. தென்னாப்பிரிக்காவில் கொரோனா நிவாரணம் யாருக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது, யாருக்குச் சேரவில்லை என்பதைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

யுஐஎஃப் என்பது வேலையின்மைக் காப்பீட்டு நிதி. மாதம் 24 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்கிற எவருக்கும் முதலாளி சம்பளத்தில் 1 சதவீதம் பிடிக்க வேண்டும், தன் கையிலிருந்து இன்னொரு 1 சதவீதம் போட வேண்டும். அக்கா கடையில் ஆளுக்கு மாதம் 4,500 ராண்ட் சம்பளம். ஆக, பிடித்தம் 45, அக்கா பங்கு 45, ஆளுக்கு 90. இரண்டு பேருக்கும் சேர்த்து மாதம் 180 ராண்ட். இரண்டு நல்ல பன்னி சௌவும் (குடைந்த ரொட்டிக்குள் கறிக்குழம்பு ஊற்றித் தருவது) ஒரு பாட்டில் குளிர்பானமும் வாங்குகிற காசு.

ஊரடங்கு அறிவித்ததும் அரசு அந்த நிதியிலிருந்து டெர்ஸ் என்ற திட்டத்தைத் தொடங்கியது. கடை மூடிக் கிடந்தாலும் தொழிலாளியின் சம்பளத்தில் 38 முதல் 60 சதவீதம் வரை நிதி கொடுக்கும். சம்பளம் குறைந்தவருக்குச் சதவீதம் கூடுதல். உச்சம் மாதம் 6,730 ராண்ட், அடிமட்டம் 3,500 ராண்ட். அதாவது மாதம் 180 ராண்ட் கட்டியிருந்தால், அந்த இரண்டு பெண்களுக்கும் சேர்த்து மாதம் குறைந்தது 7,000 ராண்ட் வந்திருக்கும். தொழிலாளி கையில் விழும் அந்தப் பணத்துக்கு வருமான வரியும் கிடையாது. திட்டம் முதலில் மூன்று மாதத்துக்கு என்றார்கள், பிறகு நீட்டி நீட்டி 2021 வரை ஓடியது. மொத்தத்தில் 6,000 கோடி ராண்டுக்கு மேல் வெளியே போனது. கொரோனா காலத்தில் இந்த அரசு செய்த நல்ல காரியங்களில் இதை முதல் வரிசையில் வைப்பேன்.

ஆனால் விண்ணப்பம் போட வேண்டியவர் முதலாளி. அவர் பதிவாகியிருக்க வேண்டும், ஒவ்வொரு ஆளின் அடையாள எண்ணும் நிதியின் பதிவேட்டில் ஏற்கெனவே இருக்க வேண்டும். முதலாளி பதிவு செய்யாத தொழிலாளி, தன் தவறு எதுவும் இல்லாமலே வெளியே நின்றார். 2020 மே மாதக் கடைசியில்தான் விதியைத் திருத்தி, முதலாளி கட்டத் தவறியிருந்தாலும் தொழிலாளிக்கு உரிமை உண்டு என்றார்கள். அதற்குள் இரண்டு மாதம் ஓடிவிட்டது. தொழிலாளர் உரிமை அமைப்புகள் வழக்கு, முறையீடு என்று அழுத்திய பிறகே அந்தத் திருத்தமும் வந்தது.

அக்காவுக்கு அப்புறம் பதிவு செய்து கொடுத்தேன். பழைய மாதங்களின் பாக்கியும் கட்டினார். அவர் ஏமாற்றுக்காரர் அல்ல. இரண்டு பெண்களுக்கும் ஏப்ரல், மே சம்பளத்தில் பாதியைத் தன் தாலிச் சங்கிலியை அடகு வைத்துக் கொடுத்தவர். பதிவு என்றால் வரி, வரி என்றால் அபராதம் என்று நினைத்துத் தள்ளி நின்றவர், அவ்வளவுதான்.

இந்தத் தள்ளி நிற்றலுக்கு ஒரு வரலாறு இருக்கிறது என்று நான் நம்புகிறேன். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து டுரூரோ கப்பலில் வந்து இறங்கிய நம் ஆட்களுக்கு, அரசின் பதிவேடு என்றாலே எண் போட்டு எழுதிய கூலிப் பட்டியல். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல், மறு ஒப்பந்தமும் எழுதாமல் தங்கியவர்கள் தலைக்கு ஆண்டுக்கு 3 பவுண்டு கட்ட வேண்டும் என்று 1895-இல் நேட்டால் அரசு சட்டம் போட்டது. 1897-இல் வணிக உரிமச் சட்டம். உரிமம் கொடுப்பதும் மறுப்பதும் அதிகாரி இஷ்டம், இந்தியக் கடைகளுக்கு மறுப்பதுதான் நோக்கம். அந்த 3 பவுண்டு வரியை எடுக்கச் சொல்லித்தான் 1913-இல் சுரங்கமும் தோட்டமும் வேலைநிறுத்தம் செய்தன. அந்தப் போராட்டத்தில் சிறைக்குப் போய் நோயோடு வெளியே வந்து உயிர்விட்ட தில்லையாடி வள்ளியம்மையைத் தமிழர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 1914-இல் அந்த வரியை நீக்கிய சட்டத்தின் பெயரே இந்தியர் நிவாரணச் சட்டம். அப்புறம் 1950-இல் இனத்துக்கு ஒரு பகுதி என்று ஊரைப் பிரிக்கும் குடியிருப்புப் பகுதிச் சட்டம் வந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு நம்மவர்களை இருந்த இடத்திலிருந்து கிளப்பி சாட்ஸ்வர்த்துக்கும் ஃபீனிக்ஸுக்கும் அனுப்பினார்கள். கடையும் போனது, வாடிக்கையும் போனது. இப்படி வளர்ந்த குடும்பங்களில் வீட்டு கராஜில் மசாலா அரைத்து விற்கிறவர், முன்னறையில் தையல் மெஷின் போட்டவர், வெள்ளி சனிக்கிழமைகளில் சாட்ஸ்வர்த் பங்களாதேஷ் சந்தையில் கீரை விற்கிறவர் எல்லாம் "கவர்மென்ட்டு பேப்பர்ல நம்ம பேரு வேண்டாம்" என்று இருந்தால், அதைச் சோம்பேறித்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் 2020-இல் அதே பேப்பர்தான் சோறு போட்டது.

சரி, பதிவு செய்து, ஒழுங்காகக் கணக்குக் காட்டி வந்த சின்ன வியாபாரிக்கு வரிச் சலுகைகள் என்ன கொடுத்தன? இங்கேதான் அறிவிப்புக்கும் கைக்கு வந்ததற்கும் உள்ள தூரம் தெரிகிறது.

2020 ஏப்ரல் 21 இரவு அதிபர் சிரில் ராமபோசா 50,000 கோடி ராண்ட் தொகுப்பு ஒன்றை அறிவித்தார். நாட்டின் மொத்த உற்பத்தியில் சுமார் பத்தில் ஒரு பங்கு. அதில் 7,000 கோடி வரிச் சலுகை, 20,000 கோடி வங்கிக் கடன் உத்தரவாதம். வரிச் சலுகைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒரு மூன்று நான்கு ஆள் கடையின் மேல் வைத்துப் பாருங்கள்.

முதலில் பிஏஒய்இ, அதாவது சம்பளத்தில் பிடித்து மாதா மாதம் சார்ஸுக்குக் கட்டும் வருமான வரி. (சார்ஸ் என்பது இங்கே வருவாய்த் துறையின் பெயர், நோயின் பெயர் அல்ல.) ஆண்டு வரவு 10 கோடி ராண்ட் வரை உள்ள நிறுவனங்கள் ஏப்ரல் முதல் ஜூலை வரை நான்கு மாதம் அதில் 35 சதவீதத்தைக் கட்டாமல் தள்ளி வைக்கலாம் என்றார்கள். நல்லது. ஆனால் அந்த வரி ஆண்டில் 65 வயதுக்குக் கீழே உள்ள ஒருவருக்கு 83,100 ராண்ட் வரை வருமான வரியே கிடையாது. மாதத்துக்கு 6,925 ராண்ட். அதற்குக் கீழே சம்பளம் கொடுக்கிற கடையில் பிஏஒய்இ என்று எதுவும் இல்லை. இல்லாததில் 35 சதவீதம் எவ்வளவு?

அடுத்தது திறன் மேம்பாட்டுத் தீர்வை. சம்பளப் பட்டியலில் 1 சதவீதம். மே முதல் ஆகஸ்ட் வரை நான்கு மாதம் கட்ட வேண்டாம் என்று முழுசாகவே விட்டுக்கொடுத்தார்கள். ஆனால் ஆண்டுச் சம்பளப் பட்டியல் 5 லட்சம் ராண்டைத் தாண்டாதவர்கள் எப்போதுமே அதைக் கட்டுவதில்லை. வாட் வரியில் பணம் திரும்பி வர வேண்டியவர்கள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதற்குப் பதிலாக மாதா மாதம் கணக்குப் போட்டுச் சீக்கிரம் வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். அப்போது ஆண்டு விற்பனை 10 லட்சம் ராண்டைத் தாண்டினால்தான் வாட் பதிவு கட்டாயமாக இருந்தது. அதற்குக் கீழே இருந்த கடை வாட்டுக்குள்ளேயே இல்லை.

பார்த்தீர்களா? ஏற்கெனவே வரி கட்டுகிறவருக்கு மட்டும்தான் வரிச் சலுகை சலுகை. எவ்வளவு கட்டினாரோ அந்த அளவுக்குத்தான் கிடைக்கும். ஐம்பது பேர் வேலை செய்கிற கம்பெனிக்கு இவை மூச்சு விட இடம் கொடுத்தன. நான்கு பேர் கடைக்கு வந்தவை வெறும் தலைப்புச் செய்திகள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. அதைப் பலர் கவனிக்காமலே விட்டார்கள். இளைஞர்களை வேலைக்கு வைப்பவர்களுக்கு ஏற்கெனவே ஒரு ஊக்கத்தொகை இருந்தது, 18 முதல் 29 வயது வரை உள்ளவர்களுக்கு. கொரோனாவுக்காக நான்கு மாதத்துக்கு அதை விரித்து, 30 முதல் 65 வயது வரை உள்ள, மாதம் 6,500 ராண்டுக்குக் கீழே சம்பளம் வாங்குகிற ஆளுக்கும் மாதம் 750 ராண்ட் வரை என்று ஆக்கினார்கள். கட்ட வேண்டிய பிஏஒய்இ-யில் கழித்துக்கொள்ளலாம், கழிக்க ஒன்றுமில்லை என்றால் சார்ஸ் பணமாகவே திருப்பித் தரும். வழக்கமாக ஆண்டுக்கு இரண்டு முறை வரும் அந்தப் பணத்தை அப்போது மாதா மாதம் கொடுத்தார்கள். அக்கா கடைக் கணக்குக்கு ஆளுக்கு 750 வீதம் இரண்டு பேருக்கு நான்கு மாதம், 6,000 ராண்ட். கடனாக அல்ல, சும்மா. நிபந்தனை இரண்டுதான். கொரோனாவுக்கு முன்பே முதலாளியாகப் பதிவாகியிருக்க வேண்டும், தாக்கல் செய்யாத கணக்கு எதுவும் பாக்கி இருக்கக் கூடாது. வந்து நிற்கிற இடம் மறுபடியும் அதே பதிவேடு.

தள்ளிவைப்பு வேறு, தள்ளுபடி வேறு. இதைப் புரிந்துகொள்ளாமல் மாட்டியவர்களை நிறையப் பார்த்தேன். ஒரு கல்யாணச் சமையல்காரரை எடுத்துக்கொள்வோம். மாத பிஏஒய்இ 8,000 ராண்ட். அதில் 35 சதவீதம், 2,800. நான்கு மாதத்தில் 11,200 ராண்ட் கையில் நின்றது. அதை ஆறு சம தவணையில், 2020 செப்டம்பர் 7 முதல் 2021 பிப்ரவரி வரை திருப்பிக் கட்ட வேண்டும். அதாவது செப்டம்பரில் வழக்கமான 8,000-த்தோடு இன்னொரு 1,867 ராண்ட். செப்டம்பர் முதல் வாரத்தில் ஒரு நிகழ்ச்சிக்கு 50 பேருக்கு மேல் கூடக் கூடாது என்றிருந்தது. ஐந்நூறு பேர் சாப்பிடுகிற கல்யாணத்தை நம்பி அண்டா வாங்கியவர் 50 இலை போட்டு என்ன சம்பாதிப்பார்? ஒரு தவணை தவறினால் பாக்கிக்கு 10 சதவீத அபராதம், அதற்கு மேல் வட்டி. ஆறு மாதம் பொறுத்து வசூலிக்கிற அரசுக்கு அடுத்த ஆறு மாதமும் வியாபாரம் இருக்காது என்பது தெரியாமல் போனதா என்று அப்போதே கேட்டேன், இப்போதும் கேட்கிறேன்.

கடன் திட்டத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் அது சுருங்கித்தான் போனது. 20,000 கோடி ராண்ட் உத்தரவாதம் என்றார்கள். 2020 மே 12-இல் தொடங்கி 2021 ஜூலையில் மூடியபோது வங்கிகள் கொடுத்திருந்தது சுமார் 1,800 கோடி. பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வங்கிகள் தங்கள் வழக்கமான சோதனையையே வைத்தன: ஏற்கெனவே அந்த வங்கியில் வியாபாரக் கணக்கு இருக்க வேண்டும், பழைய பாக்கி கூடாது. தனிக் கணக்கிலேயே வியாபாரத்தையும் ஓட்டுகிறவர் கவுன்டர் வரை போய்த் திரும்பினார். கடன் கிடைத்தவருக்கும் வட்டி நிலையாக இல்லை, வங்கிகளின் அடிப்படைக் கடன் வட்டியான பிரைம் விகிதத்தோடு ஏறி இறங்கும். 2020 ஜூலையில் 7 சதவீதமாக இருந்த பிரைம் 2023 மே மாதம் 11.75 சதவீதம். கொரோனாவில் கரை சேர வாங்கிய படகு பின்னால் பாரமாகிவிட்டது. அரசுக்கும் இது புரிந்தது. 2022-இல் கொஞ்சம் எளிதான நிபந்தனையோடு வேறொரு திட்டம் கொண்டுவந்தார்கள், அதற்குள் மூட வேண்டிய கடைகள் மூடியிருந்தன.

செல்வந்தர் குடும்பங்கள் கொடுத்த பணம் இதைவிட வேகமாக நகர்ந்தது. ஓப்பன்ஹைமர் குடும்பத்தின் 100 கோடி ராண்ட் நிதி, வேலையாட்களுக்கு வாரம் 750 ராண்ட் வீதம் 15 வாரம் நேரடியாகக் கொடுத்துவிட்டு, கடனை முதலாளி பெயரில் வட்டியில்லாமல் எழுதிக்கொண்டது. ரூபர்ட் குடும்பமும் 100 கோடி போட்டது. விண்ணப்பம் குவிந்து சில நாளிலேயே வாசலை மூட வேண்டியதாயிற்று. அங்கேயும் பதிவுச் சான்றும் வரி ஒழுங்குச் சான்றும் கேட்டார்கள்.

வேகம் கூடினால் ஓட்டையும் கூடும் என்பதையும் சொல்ல வேண்டும். 2020 செப்டம்பரில் வந்த தலைமைத் தணிக்கையாளரின் அறிக்கை, டெர்ஸ் பணம் இறந்தவர்கள் பெயருக்கும் சிறையில் இருப்பவர்கள் பெயருக்கும் போயிருப்பதைக் காட்டியது. ஓர் அரசுத் துறையின் பதிவேடு இன்னொன்றோடு பேசவில்லை. அதற்குப் பிறகு நிதியே தணிக்கையாளர்களை அனுப்பி, முதலாளிகள் வாங்கிய பணம் ஆட்களுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று தேட ஆரம்பித்தது. டெர்ஸ் வாங்கியவர்கள் அந்த மாதங்களின் வங்கி ஏட்டையும் சம்பளச் சீட்டையும் தூக்கிப் போடாதீர்கள் என்று இன்றும் நான் சொல்வது இதனால்தான். ரொக்கமாகக் கொடுத்தவர்கள், கையெழுத்து வாங்கிய தாளை ஒரு கவரில் போட்டு வையுங்கள்.

கொரோனாவோடு முடிந்திருந்தால் கதை வேறு. 2021 ஜூலையில் டர்பன் இருக்கும் குவாசுலு-நேட்டால் மாகாணமும் ஹவுடெங் மாகாணமும் கலவரத்தில் பற்றி எரிந்தன. 350 பேருக்கு மேல் இறந்தார்கள். ஃபீனிக்ஸில் நடந்த கொலைகள் இன்னும் ஆறாத காயம், அதை ஒரு வரிக் கட்டுரையின் ஓரத்தில் பேசிவிட்டுப் போக முடியாது. கடைகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இந்த நாட்டில் கலவரச் சேதத்துக்குக் காப்பீடு கொடுப்பது சஸ்ரியா என்ற அரசு நிறுவனம் ஒன்றே. சொவெட்டோ எழுச்சிக்குப் பிறகு, 1979-இல் உருவானது. சாதாரணக் காப்பீட்டோடு கூடுதலாகக் கொஞ்சம் கட்டினால் அதுவும் சேர்ந்து வரும். அந்த ஒரு வாரத்துக்கு சஸ்ரியா சுமார் 3,200 கோடி ராண்ட் கொடுக்க வேண்டி வந்து, அரசே அதற்குப் பணம் ஊற்றியது. பெரிய மால்கள் எழுந்தன. காப்பீடே இல்லாத தெருமுனைக் கடைக்கு அங்கேயும் பெயர் இல்லை. 750 ராண்ட் ஊக்கத்தொகையையும் பிஏஒய்இ தள்ளிவைப்பையும் 2021 ஆகஸ்டிலிருந்து சில மாதம் மறுபடி கொண்டுவந்தார்கள். ஒன்பது மாதம் கழித்து 2022 ஏப்ரலில் வெள்ளம். 400 பேருக்கு மேல் போனார்கள், வெள்ளம் சஸ்ரியாவின் கணக்கில் வராது.

இப்போதைக்கு வருவோம். 2026 பிப்ரவரி 28-இல் முடிகிற வரி ஆண்டை வைத்துச் சொல்கிறேன். பதிவு என்றால் வரி என்று பயப்படுகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது டர்ன்ஓவர் டாக்ஸ் என்கிற விற்பனை வரவு வரி. 2009 மார்ச் முதல் இருக்கிறது. அந்த வரி ஆண்டுக்கு, விற்பனை 10 லட்சம் ராண்டுக்குள் இருந்தால் சேரலாம். தமிழ்நாட்டில் ஜிஎஸ்டி காம்பொசிஷன் முறையில் கடை நடத்துகிற உறவினர் இருந்தால் அவரிடம் கேளுங்கள், யோசனை அதே ஜாதிதான்: லாபம் பார்ப்பதில்லை, விற்பனையில் ஒரு சிறு சதவீதம். 3,35,000 ராண்ட் வரை வரி பூஜ்யம். அதற்கு மேல் 5 லட்சம் வரை 1 சதவீதம், அதற்கு மேல் ஏழரை லட்சம் வரை 2 சதவீதம், அதையும் தாண்டினால் 3 சதவீதம். ஆண்டுக்கு 4,80,000 ராண்டுக்கு விற்கிற கடை கட்ட வேண்டியது 1,450 ராண்ட். மாதத்துக்கு 121 ராண்ட் கூட இல்லை. வருமான வரி, மூலதன ஆதாய வரி இரண்டுக்கும் பதிலாக இந்த ஒன்றே. வைக்க வேண்டிய கணக்கும் கொஞ்சம்தான்: வந்த பணம், 10,000 ராண்டுக்கு மேல் மதிப்புள்ள பொருள்கள், அந்த அளவுக்கு மேலான கடன்கள்.

ஆனால் எல்லோருக்கும் இது லாபம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 6,20,000 ராண்டுக்கு வேலை செய்கிற ஒரு தையற்கடை. துணி வாடிக்கையாளருடையது, செலவு குறைவு, லாபம் 1,80,000 என்று வைப்போம். வேறு வருமானம் இல்லாத அவர் சாதாரண முறையில் கட்டுவது 15,165 ராண்ட். விற்பனை வரவு வரியில் 4,050. கண்ணை மூடிக்கொண்டு சேரலாம். அதே 6,20,000-க்கு விற்கிற மளிகைக் கடையை எடுங்கள். எண்ணெயிலும் அரிசியிலும் என்ன மிஞ்சும்? 60,000 மிஞ்சினால் பெரிது. சாதாரண முறையில் 95,750 வரை வரியே இல்லை, ஆக அவர் கட்டுவது ஒன்றுமில்லை. விற்பனை வரவு முறையில் அதே 4,050 கட்டியாக வேண்டும். 2020 மாதிரி நஷ்ட வருஷம் வந்தாலும் விற்பனை இருந்தால் வரி இருக்கும். அதனால் மளிகைக்காரரைச் சாதாரண முறையிலேயே வைப்பேன், தையற்காரரை மாற்றுவேன். மாறுவதென்றால் மார்ச் 1-க்கு முன் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும், புதுக் கடை என்றால் தொடங்கிய இரண்டு மாதத்துக்குள்.

கம்பெனியாகப் பதிந்தவர்களுக்கு வேறு படி. பங்குதாரர்கள் எல்லோரும் தனிநபர்களாக, ஆண்டு வரவு 2 கோடி ராண்டுக்குள் இருந்தால் சிறு நிறுவன விகிதம் கிடைக்கும். முதல் 95,750 ராண்ட் லாபத்துக்கு வரியில்லை, 3,65,000 வரை 7 சதவீதம், 5,50,000 வரை 21, அதற்கு மேல்தான் மற்ற கம்பெனிகளைப் போல 27. இது கேட்காமலே வந்துவிடும் என்று நினைக்கக் கூடாது, கணக்குத் தாக்கலில் சரியான இடத்தில் குறிக்காமல் விட்டு முழு 27 கட்டிய ஒருவரின் கணக்கை நான் திருத்திக் கொடுத்திருக்கிறேன்.

2020, 2021 பாக்கி இன்னும் தலைமேல் தொங்குகிறவர்கள் ஒளிந்துகொள்ள வேண்டாம். தவணை ஒப்பந்தம் கேட்கலாம், சட்டமே அதற்கு வழி வைத்திருக்கிறது. கணக்கே காட்டாமல் விட்ட வருஷங்கள் இருந்தால், சார்ஸ் கடிதம் வருவதற்கு முன் நீங்களாகப் போய்ச் சொல்கிற தன்னார்வ வெளிப்படுத்தல் முறை 2012 அக்டோபர் முதல் நிரந்தரமாக இருக்கிறது. வரியும் வட்டியும் கட்ட வேண்டும், ஆனால் குறைத்துக் காட்டியதற்கான அபராதத்திலிருந்து பெரும்பாலும் தப்பலாம், வழக்கும் வராது. கடிதம் வந்த பிறகு போனால் அந்தக் கதவு கிட்டத்தட்ட மூடிவிடும்.

இத்தனையும் ஒழுங்காகச் செய்தாலும் ஓர் ஓட்டை அடைபடாமல் இருக்கிறது. என்னை இப்போதும் உறுத்துவது அதுதான். யுஐஎஃப் தொழிலாளிக்கு மட்டும். தன் பெயரிலேயே கடை நடத்துகிறவர் சட்டத்தின் கண்ணில் யாருக்கும் தொழிலாளி அல்ல, அவர் விரும்பினாலும் அதில் கட்ட முடியாது. 2020 மே முதல் வேலையில்லாதவர்களுக்கு மாதம் 350 ராண்ட் கொடுத்தார்கள். வங்கிக் கணக்கில் எப்போதோ வந்த கொஞ்சம் பணத்தைப் பார்த்து வருமானம் உள்ளவர் என்று பல கடைக்காரர்களை அதிலும் ஒதுக்கினார்கள். ஷட்டர் இறங்கிய கடையின் வேலையாளுக்கு ஒரு வழி பிறந்தது. பக்கத்திலேயே நின்று அதே வேலையைச் செய்த முதலாளியம்மாவுக்கு ஒன்றும் இல்லை. சுயதொழில் செய்கிறவர் தானாகவே 1 சதவீதமோ 2 சதவீதமோ கட்டி உள்ளே வர ஒரு வாசலைத் திறப்பது, இன்னொரு ஆயிரம் கோடிக் கடன் உத்தரவாதத்தைவிட இந்தத் தெருக்களுக்கு உதவும் என்பது என் உறுதியான எண்ணம்.

அக்கா இப்போது ஒவ்வொரு மாதமும் 7-ஆம் தேதிக்கு முன்பே வந்துவிடுவார். போன மாதம் வந்தபோது யுஐஎஃப் படிவத்தை நான் நிரப்பி முடித்து, சரிபார்க்கச் சொல்லி அவர் பக்கம் திருப்பினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு பெண்களின் பெயரையும் அடையாள எண்ணையும் விரலை வைத்துப் படித்தார். மூன்றாவது வரி காலியாக இருந்தது. விரல் அங்கே வந்து நின்றது.

"என் பேரு எங்க தம்பி?"

"முதலாளி பேர் இதுல வராது அக்கா."

"நானும் தானே காலையில ஏழு மணிக்கு வந்து கடையைத் திறக்கிறேன்" என்றார். கையெழுத்தைப் போட்டு, தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.